டிஸ்கஸ் தொட்டிக்குத் துணைமீன்: தவறு நடக்கும் இடங்கள்

தட்டு போல வட்டமான அமேசான் மீன் டிஸ்கஸ்; அதற்குத் துணைமீன் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இது சண்டை போடுமா?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "30 டிகிரியில் இது தாங்குமா?" டிஸ்கஸ் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சூடான தண்ணீரில்தான் நிறத்தோடும் பசியோடும் இருக்கும். சாது என்று பெயரெடுத்த பல மீன்களுக்கு அந்தச் சூடு ஒத்துக்கொள்ளாது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். மீனின் உடலோ கூடுதலாக மூச்சு கேட்கும். உடனே சாகாது. மாதக்கணக்கில் மெலிந்து, ஒன்றொன்றாகக் காணாமல் போகும். காரணம் தெரியாமல் நாமும் மருந்தை மாற்றிக்கொண்டே இருப்போம்.

நியோன் டெட்ரா இதற்கு நல்ல உதாரணம். விலை மலிவு என்று இருபது வாங்கி விடுவார்கள். அது 20 முதல் 26 டிகிரிக்கு உகந்த மீன். நீங்கள் தேட வேண்டியது கார்டினல் டெட்ரா. இரண்டையும் பிரித்தறிவது எளிது: கார்டினலின் சிவப்புப் பட்டை உடல் நீளத்துக்கும் ஓடும், நியோனுக்குப் பின்பாதியில் மட்டும். மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சுகளை எடுக்காதீர்கள். வளர்ந்த டிஸ்கஸின் வாய்க்கு அது இரைதான். தொட்டித் தரையில் மேயும் குட்டிக் கெளுத்தியான கோரிடோராஸிலும் இதே குழப்பம். பாண்டா, பெப்பர் வகைகள் குளிர்ந்த நீர் விரும்பிகள். ஸ்டெர்பாய் வகைதான் இந்தச் சூட்டைத் தாங்கும். கருந்தலையில் வெள்ளைப் புள்ளிகளும், பக்கத் துடுப்பில் ஆரஞ்சு நிறமும் அதன் அடையாளம். ரம்மிநோஸ் டெட்ரா கூட்டமாக இருந்தால் நன்றாக வாழும். ஜெர்மன் ராம் ஒரு ஜோடி வைக்கலாம். இரண்டு ஜோடி வைத்தால் முட்டையிடும் நேரத்தில் தொட்டியின் தரையைப் பங்கு போட்டுக்கொண்டு விரட்டும்.

"நம் ஊரில் வருஷம் முழுக்க வெயில்தானே, ஹீட்டர் எதற்கு?" என்று பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கேட்காதவர் குறைவு. கொண்டோ வீட்டில் தொட்டி இருக்கும் அறையில் இரவு முழுக்க ஏர்கோன் ஓடினால், விடிவதற்குள் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கிவிடும். பகலில் மறுபடி ஏறும். தினமும் இப்படி ஏறி இறங்கினால் டிஸ்கஸ் கறுத்து, மூலையில் ஒதுங்கி நிற்கும். பழி துணைமீன்மேல் விழும். தெர்மாமீட்டரை மதியம் பார்ப்பதில் பயனில்லை, காலை ஆறு மணிக்குப் பாருங்கள். நாலடித் தொட்டிக்கு ஒரே பெரிய ஹீட்டரைவிட 150 வாட் ஹீட்டர் இரண்டு நல்லது. ஒன்று பழுதானாலும் மற்றது தாக்குப்பிடிக்கும்.

அடுத்தது, கண்ணாடி சுத்தம் செய்ய என்று வாங்கும் மீன். மலாயில் இதற்கு இக்கான் பண்டாராயா என்று பெயர், மாநகராட்சி மீன்! பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். சின்னதாக இருக்கும்போது பாசி தின்னும். வளர்ந்த பிறகு இரவில் டிஸ்கஸின் தட்டையான விலாவில் ஒட்டிக்கொண்டு அதன் உடல்கோழையை உறிஞ்சப் பழகிவிடும். டிஸ்கஸின் கோழை சத்துள்ளது. அதன் குஞ்சுகளே பொரித்த முதல் வாரங்களில் தாய் தந்தையின் கோழையைத் தின்றுதான் வளர்கின்றன. காலையில் விலாவில் வட்டமாகத் தோலுரிந்த தழும்பு தெரிந்தால், மருந்துக்கடைக்கு ஓடும் முன் இந்த மீனைச் சந்தேகியுங்கள். சைனீஸ் ஆல்கி ஈட்டரும் இதே பழக்கமுள்ளதுதான். பாசிக்கு மீன் வேண்டுமென்றால் மீசை முளைத்த பிரிஸ்டில்நோஸ் ஒன்று, கூடவே கடித்துக்கொண்டிருக்க ஒரு மரக்கட்டை போதும். வேண்டாத பண்டாராயாவை ஆற்றில் விட்டுவிடாதீர்கள். சுங்கை லங்காட்டில் ஏற்கெனவே அது பெருகிக் கிடக்கிறது.

டைகர் பார்ப் துடுப்பைக் கடிக்கும். லுவோ ஹான், ஆஸ்கார் போன்ற முரட்டுப் பெரிய மீன்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சூட்டையும் தாங்கி, சண்டையும் போடாமல், அப்படியும் ஒத்துவராத மீன்கள் உண்டு. போர்னியோ, சுமத்ரா ஆறுகளின் க்ளவுன் லோச் அப்படிப்பட்டது. கூட்டமாகத்தான் வாழும், ஒவ்வொன்றும் ஓரடி நெருங்கும், உணவைக் கண்டால் புயல் மாதிரி பாயும். டிஸ்கஸோ உணவை வாயில் எடுத்து, துப்பி, மறுபடி எடுத்து யோசித்துத் தின்னும் மீன். ஏஞ்சல் மீனும் அதே அமேசான் பக்கத்து உறவுதான். ஆனால் பந்தியில் முந்திக்கொள்ளும். தனக்கு ஒன்றும் ஆகாமலேயே குடல் ஒட்டுண்ணிகளைச் சுமந்து வந்து டிஸ்கஸுக்குக் கொடுக்கவும் கூடும். தவிர்ப்பதே மேல்.

உணவு போடுவதிலும் ஒரு முறை வேண்டும். ஒரு மூலையில் சிட்டிகைப் பொடித்தீனி போட்டு டெட்ராக்களை அங்கே இழுத்துவிடுங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுமூலையில் டிஸ்கஸுக்கு. டிஸ்கஸுக்குப் பலர் அரைத்துக் கொடுக்கும் மாட்டு இதயம் உங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றால் இறாலையும் வெள்ளைமீன் சதையையும் அரைத்து உறைய வைத்ததைக் கொடுக்கலாம். கோரிக்கு மூழ்கும் வில்லையை விளக்கு அணைந்த பிறகு போடுங்கள். மீதியைக் கால் மணி நேரத்துக்குள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். 30 டிகிரியில் அது அழுக நேரமாகாது.

எத்தனை மீன்? 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள தொட்டியில் மணலும் கட்டையும் போக ஏறத்தாழ 200 லிட்டர் தண்ணீர் நிற்கும். வளர்ந்த டிஸ்கஸ் ஒன்றுக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டால் ஐந்து மீனுக்கே அது சரியாகிவிடுகிறது. கார்டினல் 15, ஸ்டெர்பாய் 6 சேர்க்கலாம். அதுவும் வாரம் இருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுகிறவர்களுக்கு மட்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் திடீரென்று குழாய் வறண்டால் நெருக்கடியான தொட்டிதான் முதலில் தவிக்கும். குளோரின் நீக்கிய தண்ணீர் ஒரு பீப்பாய் எப்போதும் இருக்கட்டும். தடை நீங்கிய முதல் நாள் குழாயில் கலங்கல் வந்தால் அன்று தண்ணீர் மாற்ற வேண்டாம்.

வாங்கிய அன்றே தொட்டியில் விடுவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய தவறு. தனித் தொட்டி, ஏற்கெனவே ஓடி நல்ல பாக்டீரியா ஊறிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், தனி வலை, தனி வாளி. குறைந்தது நான்கு வாரம். வலை ஈரத்தோடு ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்குப் போனால் அத்தனை வாரமும் வீண். நான்காவது வாரம் முடிந்ததும் உங்களிடம் இருப்பதில் ஒரே ஒரு டிஸ்கஸை அவற்றோடு இரண்டு வாரம் விடுங்கள். அது கறுக்காமல், வெள்ளை நூல் போலக் கழியாமல், பசியோடு இருந்தால் எல்லாவற்றையும் பெரிய தொட்டிக்கு மாற்றலாம். மாற்றிய அன்றிரவு, விளக்கணைத்து ஒரு மணி நேரம் போனபின் மங்கலான டார்ச்சால் டிஸ்கஸின் விலாவைப் பாருங்கள்: ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அப்போதுதான் தெரியும்.