பேஸ்பால் அட்டைக்குப் பதில் பழைய தபால் அட்டை

பழைய பேஸ்பால் அட்டை என்றாலே சிகரெட் பாக்கெட்டோடு வந்த, ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படம் போட்ட அட்டையைத்தான் சொல்வார்கள். 2022இல் அதன் ஒரு பிரதி 72.5 லட்சம் டாலருக்குப் போனது. சரி, நமக்கு எட்டாது. அதே காலத்து அமெரிக்கத் தபால் அட்டைகளைத் தேடுங்கள். ஊர் அணியை உள்ளூர் ஸ்டுடியோக்காரர் படமெடுத்து, கொஞ்சம் பிரதிகளே போட்டிருப்பார். தபாலில் போனதென்றால் பின்னால் யாரோ எழுதிய நலம் விசாரிப்பும் இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

வாங்கும் முன் லென்ஸ் வைத்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சடித்தது, போட்டோ அல்ல. அப்புறம், தபால்தலை ஒட்டும் கட்டத்தில் 'அஸோ' (AZO) என்ற போட்டோ தாளின் பெயர் இருந்து, மூலைகளில் உள்ள நான்கு முக்கோணங்களும் மேல்நோக்கி இருந்தால் தாள் 1904–1918 காலத்தது. இரண்டு கீழ்நோக்கி இருந்தால் அதற்குப் பிந்தையது.