குழந்தையின் மூச்சையே பார்த்திருக்கும் இரவுகள்: புதிய பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையின் பக்கத்தில் இரவில் விழித்துக் கிடந்தவர்களுக்குத் தெரியும், அந்த மூச்சு எவ்வளவு ஒழுங்கற்றது என்று. வேகவேகமாக நாலைந்து முறை இழுக்கும். மெல்லத் தணியும். பிறகு சட்டென்று நின்றுபோகும். பதறிக் கையை நெஞ்சின் மேல் வைப்பதற்குள் மறுபடி மூச்சு வந்துவிடும். குழந்தை நிம்மதியாக உறங்கிக்கொண்டே இருக்கும். நமக்குத்தான் அன்றைய உறக்கம் போய்விடும்.

இந்தப் பயம் ஏறக்குறைய எல்லாப் பெற்றோருக்கும் வருகிறது. அதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் பயத்தைத் தணித்துக்கொள்ள நாம் தேடும் வழிகளில் சில அதை இன்னும் வளர்த்துவிடுகின்றன. வேறு சில குழந்தைக்கே ஆபத்தாக முடிகின்றன. என் கவலையெல்லாம் இந்த இரண்டாவது வகை பற்றியதுதான்.

நம் மூச்சை அளவுகோலாக வைத்துப் பார்ப்பது

ஓய்வாக இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார். பிறந்த குழந்தைக்கு 30 முதல் 60 வரை இயல்பு. அதுவும் சீராக வராது. சில விநாடிகள் விரைவான மூச்சு, பிறகு ஐந்து முதல் பத்து விநாடி வரை ஓர் இடைவெளி, மீண்டும் விரைவான மூச்சு என்று மாறி மாறி வரும். மூச்சைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி இன்னும் முதிர்ச்சி அடையாததே காரணம். இரத்தத்தில் கரியமில வாயு சற்றுக் குறைந்தால் மூச்சு நிற்கிறது. கூடினால் உடனே வேகமெடுக்கிறது. குழந்தையின் நிறம் மாறாமல், உடல் துவளாமல், தானாகவே மூச்சு திரும்பினால் இந்தச் சிறு இடைவெளிகள் நோயின் அடையாளம் அல்ல. பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் இவை மறைந்துவிடும்.

மூச்சின்போது நெஞ்சைவிட வயிறு அதிகம் ஏறி இறங்குவதும் இயல்பே. குழந்தைகள் முதல் மாதங்களில் பெரும்பாலும் மூக்கு வழியாகவே மூச்சு விடுகிறார்கள். அந்தத் துவாரமோ மிகச் சிறியது. துளி சளியோ காய்ந்த பாலோ இருந்தாலும் கரகரவென்று ஒலி வரும். நெஞ்சில் சளி கட்டிவிட்டதாகப் பலர் அஞ்சுவது இந்த மூக்கொலியைக் கேட்டுத்தான். தும்மலும் விக்கலும் இந்த வயதில் அடிக்கடி வரும். அவை மட்டும் வந்தால் சளிக்காய்ச்சல் என்று எண்ண வேண்டாம். உறங்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, முனகல், முகச்சுளிப்பு, கைகால் உதறலோடுதான் கழியும்.

அவசரமாக எண்ணுவது

கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குவது பெரியவர்களுக்குப் பொருந்தும். பிறந்த குழந்தைக்குப் பொருந்தாது. வேகமான பகுதியை மட்டும் எண்ணினால் 80 வரும், இடைவெளியில் எண்ணினால் 20 வரும். இரண்டுமே பொய்க் கணக்கு. குழந்தை அமைதியாக இருக்கும்போது, அழுகையோ பால் குடிப்பதோ இல்லாத நேரத்தில், உடையைச் சற்று விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் வந்தால் சிறிது நேரம் விட்டு மறுபடி ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டாம் முறையும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லையும் இந்த 60தான்.

ஒலிக்கு அஞ்சி, உழைப்பைக் கவனிக்காமல் விடுவது

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பெற்றோர் காதைத் தீட்டிக்கொண்டு ஒவ்வொரு ஒலிக்கும் திடுக்கிடுகிறார்கள். ஆனால் உண்மையான மூச்சுத்திணறல் பெரும்பாலும் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும். மூச்சு விட குழந்தை எவ்வளவு பாடுபடுகிறது என்று பாருங்கள். மூச்சை இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும் கீழேயும் தொண்டைக்குழியிலும் தோல் ஆழமாக உள்வாங்குகிறதா? மூக்குத் துவாரங்கள் விரிகின்றனவா? ஒவ்வொரு மூச்சுக்கும் தலை மேலும் கீழும் அசைகிறதா? மூச்சை வெளியே விடும் ஒவ்வொரு முறையும் முனகல் எழுகிறதா? உறக்கத்தில் எப்போதாவது வரும் முனகல் வேறு. விடாமல் தொடரும் இந்த முனகல் வேறு. நுரையீரல் சுருங்கிவிடாமல் தடுக்கக் குழந்தை போராடும்போது எழும் ஒலி அது. இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நிறத்தைப் பார்ப்பதிலும் குழப்பம் உண்டு. முதல் நாட்களில் கைகளும் பாதங்களும் இலேசாக நீலம் பாய்ந்திருப்பது சாதாரணம். அங்கே இரத்த ஓட்டம் இன்னும் சீராகவில்லை. உதடு, நாக்கு, ஈறு ஆகியவை நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவதுதான் ஆபத்து. கருமையான தோல் உள்ள குழந்தைகளிடம் உடலின் நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். வாயின் உட்புறத்தைப் பாருங்கள்.

மூச்சு 20 விநாடி அல்லது அதற்கு மேல் நின்றால், அல்லது குறைந்த நேரமே நின்றாலும் நிறம் மாறினால், உடல் துவண்டுபோனால், அவசர உதவியை அழைக்க வேண்டும். பால் குடிக்க மறுக்கும், குடிக்கும்போது மூச்சு வாங்கி நிறுத்தி நிறுத்திக் குடிக்கும், எழுப்பினாலும் எழாத குழந்தையை விடியட்டும் என்று வைத்திருக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் இருந்தால், மூச்சு நன்றாக இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். 36.5க்குக் கீழே உடல் குளிர்ந்து, தாய் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றியும் சரியாகவில்லை என்றாலும் அப்படியே. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும், இதயக் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் முன்னதாகவே உதவி தேடுவது நல்லது. "முன்பும் இப்படித்தான் பயந்து ஓடினோம், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள்" என்ற கூச்சத்தில் தயங்குபவர்கள் உண்டு. தயவுசெய்து தயங்காதீர்கள். அவசரமில்லாத, ஆனால் மனதை உறுத்தும் மூச்சு என்றால் அதை ஒரு நிமிடம் வீடியோவாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் முன்னால் குழந்தை அதே போல மூச்சு விடப் போவதில்லை. நீங்கள் எவ்வளவு விவரித்தாலும் அந்த வீடியோ சொல்லும் அளவுக்கு வராது.

மூச்சை இழுக்கும்போது மட்டும் கீச்சென்று ஒலி வந்தால் அதையும் காட்டுங்கள். குரல்வளையின் குருத்தெலும்பு மென்மையாக இருப்பதுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பலருக்கு ஒன்றரை வயதுக்குள் தானே சரியாகிவிடும். ஆனால் அதை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பயத்தால் செய்யும் ஆபத்தான காரியங்கள்

பாலைக் கக்கிப் புரையேறிவிடும் என்று அஞ்சிக் குழந்தையைக் குப்புறவோ ஒருக்களித்தோ படுக்கவைப்பது இவற்றில் முதன்மையானது. மல்லாந்து படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது எளிதல்ல. குப்புறப் படுத்தால் இந்த அமைப்பு தலைகீழாகிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குழந்தை உருண்டு குப்புறப் போய்விடலாம். 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் குழந்தைகளைக் குப்புறப் படுக்கவைக்க வேண்டாம் என்று அறிவுறுத்தியது. 1994இல் அதற்கென்று நாடு தழுவிய பிரசாரம் தொடங்கியது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் அங்கே உறக்கத்தில் நேரும் திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. பகல் உறக்கமானாலும் இரவு உறக்கமானாலும் மல்லாந்து, சமமான, உறுதியான மெத்தையில், தலையணையோ பொம்மையோ தளர்ந்த போர்வையோ இல்லாமல் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

மூச்சு எளிதாக வரட்டும் என்று தலைப்பக்கத்தை உயர்த்துவதும் சாய்ந்த இருக்கையில் உறங்கவிடுவதும் நேர்மாறான விளைவைத் தரும். பிறந்த குழந்தையின் தலை கனமானது, கழுத்துக்கோ பலமில்லை. தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் பட்டால் மூச்சுவழி மடங்கிவிடும். மூச்சைத் தன் உடலாலேயே உணர்ந்துகொண்டிருக்கலாம் என்று குழந்தையை நெஞ்சில் போட்டபடி சோபாவில் சாய்பவர்களை நினைத்தால் எனக்கு மிகவும் அச்சமாக இருக்கிறது. விழித்திருக்கும்போது அது நல்ல அணைப்பு. ஆனால் பல இரவுகள் உறங்காத ஒருவர் தன்னை அறியாமல் கண்ணயர்ந்துவிடுவார். குழந்தை நழுவி மெத்தை இடுக்கில் முகம் புதைந்து மாட்டிக்கொள்ளும். பெரியவரோடு குழந்தை உறங்கும் இடங்களில் சோபாதான் மிக ஆபத்தானவற்றில் ஒன்று. கண் சொக்கினால் குழந்தையை அதன் மெத்தையில் விட்டுவிடுங்கள். அது உங்கள் அறையிலேயே, குறைந்தது ஆறு மாதமாவது, கைக்கெட்டும் தூரத்தில் தனிப் படுக்கையாக இருக்கட்டும்.

குளிர் பிடிக்கும் என்று பல துணிகளைப் போட்டுச் சூடேற்றுவதும், உறங்கும்போது தலையை மூடுவதும் வேண்டாம். வீட்டில் புகை பிடிப்பவர் இருந்தால் நிறுத்துவது குழந்தையின் மூச்சுக்குச் செய்யும் பெரிய உதவி. மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும்; பால் கொடுப்பதற்குச் சற்று முன் விடலாம். உறிஞ்சு குழாயால் ஓயாமல் இழுத்தால் உட்தோல் வீங்கி அடைப்பு கூடும். கற்பூரம் கலந்த தைலங்களும் சளி மருந்துகளும் இந்த வயதுக்கு ஆகாது.

மூச்சு நின்றதாகத் தோன்றினால் குழந்தையைக் குலுக்கவே கூடாது. மூளையில் இரத்தக் கசிவு ஏற்படலாம். பாதத்தைத் தட்டுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள். எந்த அசைவும் இல்லை, மூச்சும் இல்லை என்றால் உதவிக்குக் குரல் கொடுத்து, தொலைபேசியை ஒலிபெருக்கியில் வைத்து அவசர எண்ணை அழைத்தபடி, நெஞ்சை 30 முறை அழுத்தி, வாயையும் மூக்கையும் சேர்த்து மூடி இரண்டு முறை ஊத வேண்டும். அழுத்தும் வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் சுமார் நான்கு சென்டிமீட்டர். இதைப் படித்து மட்டும் கற்க முடியாது. குழந்தை பிறக்கும் முன்போ பிறந்த சில வாரங்களிலோ பொம்மையை வைத்துப் பயிற்சி தரும் வகுப்புக்குப் பெற்றோர் இருவரும் போய் வாருங்கள். பயம் கணிசமாகக் குறைய இதுவும் ஒரு வழி.

சரிபார்ப்பதையே மருந்தாக்கிக்கொள்வது

மூச்சைப் பார்க்கிறோம், நிம்மதி வருகிறது. அந்த நிம்மதி சில நிமிடங்களில் தீர்ந்துவிடுகிறது, மறுபடி பார்க்கிறோம். பார்த்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மனம் தப்பாகக் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை பார்க்காமல் இருப்பது இன்னும் கடினமாகிறது. இதைச் சொறியச் சொறியக் கூடும் அரிப்போடு ஒப்பிடலாம். பால் கொடுக்க எழும்போது பார்ப்பது, உறங்கப்போகும் முன் ஒருமுறை பார்ப்பது என்று நேரங்களை வரையறுத்துக்கொள்ளுங்கள். இடையில் எழும் உந்துதலை உடனே நிறைவேற்றாமல் சில நிமிடங்கள் தள்ளிப்போடுங்கள். முதலில் தவிப்பாக இருக்கும். பொறுத்தால் தானாகத் தணியும்.

காலுறை போல மாட்டும், மெத்தைக்கு அடியில் வைக்கும் மூச்சு மானிட்டர்கள் இந்தத் தவிப்பைத் தீர்க்கும் என்று பலர் வாங்குகிறார்கள். திடீர் சிசு மரணத்தை அவை தடுக்கும் என்பதற்குச் சான்றில்லை. அந்த நோக்கத்துக்காக அவற்றை நம்ப வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. பொய்யான எச்சரிக்கை ஒலிகள் நள்ளிரவில் குடும்பத்தையே உலுக்கும். ஒலிக்காத நேரத்திலோ, கருவி இருக்கிறதே என்று பாதுகாப்பான படுக்கை விதிகள் தளர்ந்துவிடும். மருத்துவரே பரிந்துரைத்த கருவி என்றால் அது வேறு விஷயம்.

இரவு இரண்டு மணிக்கு அறிகுறிகளைத் தொலைபேசியில் தேடாதீர்கள். அபூர்வமான நோய்களும் அங்கே அன்றாடம் நடப்பவை போலத் தோன்றும். அதைவிட, இரவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் பொறுப்பில் இருக்கும் நான்கைந்து மணி நேரம் மற்றவர் வேறு அறையில் உறங்கட்டும். உறக்கமில்லாத மூளை எல்லாவற்றையும் ஆபத்தாகவே எடைபோடும்.

குழந்தை இறந்து கிடப்பது போலவோ, தன் கையாலேயே ஏதோ நேர்ந்துவிடுவது போலவோ எண்ணங்கள் வலிய வந்து தாக்குவதை வெளியே சொல்ல முடியாமல் பலர் தவிக்கிறார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில் இத்தகைய எண்ணங்கள் மிகப் பரவலானவை. அவை வந்து நீங்கள் திகைப்பதே அவற்றை விரும்பவில்லை என்பதைக் காட்டுகிறது. ஆனால் வேறொருவர் பார்த்துக்கொள்ளும்போதும் உறங்க முடியவில்லை, சரிபார்ப்பதிலேயே நாள் கரைகிறது, இரண்டு வாரங்களாகியும் தணியவில்லை என்றால் அது சிகிச்சையால் குணமாகும் பதற்றநோயாக இருக்கலாம். தந்தையருக்கும் இது வரும். 1987இல் வெளியான எடின்பரோ மகப்பேற்று மனச்சோர்வு அளவுகோலின் பத்துக் கேள்விகளில் சில, காரணமில்லாத பயத்தையும் பதற்றத்தையும் பற்றியே கேட்கின்றன; அதை நிரப்பித் தரச் சொல்லி உங்கள் மருத்துவரிடமே கேட்கலாம். தன்னையோ குழந்தையையோ துன்புறுத்தத் தூண்டும் எண்ணமோ, இல்லாத குரல்கள் கேட்பதோ இருந்தால் அன்றே, அந்த மணியே உதவி தேட வேண்டும். அதுவரை அந்தத் தாயையோ தந்தையையோ தனியே விடக் கூடாது.

குழந்தையின் அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது மூச்சைப் பற்றிய கேள்விகளோடு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: இரவில் எத்தனை முறை எழுந்து பார்க்கிறீர்கள், எத்தனை மணி நேரம் உறங்குகிறீர்கள், எந்த எண்ணம் விடாமல் வருகிறது. குழந்தையின் எடையைக் கேட்டு எழுதிக்கொள்ளும் அதே மருத்துவர், நீங்கள் சொன்னால், உங்கள் உறக்கத்துக்கும் வழி சொல்வார்.