காட்டு நிலத்தில் குதிரைத் தடம் பார்ப்பதும் கேம்பை மாற்றுவதும்: நாங்கள் செய்த முறை

போன ஐப்பசி மழையில் எங்கள் கேம்ப் இருந்த ஓடைக்கரை சேறாகிவிட்டது. குளம்பு பட்ட இடமெல்லாம் கணுக்கால் ஆழத்துக்குக் குழி. லத்தி கரைந்து ஓடைக்குள் இறங்கியது. கீழே அதே தண்ணீரைக் குடிக்கிற வீடுகள் இருக்கின்றன. கேம்பை மேட்டுக்கு மாற்றியே ஆக வேண்டும், ஐந்து மட்டக்குதிரைகள் பொதியோடு அங்கே ஏறியாக வேண்டும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் பக்கம் இதை எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன்.

முதல் வேலை அனுமதி. கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள் எதைச் செய்வதானாலும் வனத்துறை ரேஞ்ச் ஆபீஸில் மனு கொடுத்துத்தான் தொடங்க வேண்டும். 1972-ஆம் வருட வனவிலங்குச் சட்டத்தின் 33ஏ பிரிவு, சரணாலயத்திலும் அதைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள்ளும் இருக்கிற கால்நடைகளுக்குத் தடுப்பூசி போடுவதைப் பற்றியது. அதனால் கால்நடை மருத்துவரின் சீட்டையும் மனுவோடு வையுங்கள். புதுத் தடம் வெட்டக் கேட்காதீர்கள். மரம் இறக்கப் போட்ட பழைய கூப்பு ரோடுகளையும் ஒற்றையடிப்பாதைகளையும் இணைத்தே நாங்கள் வழியைப் பிடித்தோம். ஒரு செடியைக்கூட வெட்டவில்லை.

அடுத்தது வரைபடம். சர்வே ஆஃப் இந்தியா இணையதளத்தில் 1:50,000 அளவு வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அளவு மாறாமல் காகிதத்தில் அச்செடுங்கள். போனில் ஓஎஸ்எம்ஆண்ட் என்ற வரைபடச் செயலி வைத்திருக்கிறேன், நடந்த வழியைப் பதிய அது போதும். ஆனால் தடத்தைத் திட்டமிட என் மனம் காகிதத்தையும் கூரான பென்சிலையும்தான் நம்புகிறது.

நான் தடுக்கி விழுந்தது சரிவுக் கணக்கில். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தை மொத்தத் தூரத்தால் வகுத்தேன். நூற்றுக்கு எட்டு, அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் ஏற்றம் என்று வந்தது, நல்ல தடம் என்று முடிவு கட்டினேன். நடுவில் ஒரு துண்டு நூற்றுக்கு முப்பது ஏறுகிறது என்பது அந்தச் சராசரியில் தெரியவே இல்லை. பொதியோடு போன பெண் குதிரை அங்கே பின்னங்கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டது. முட்டியில் தோல் உரிந்து, எழுந்த பிறகும் உடம்பு நடுங்கிக்கொண்டே நின்றது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்ற அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

அதனால் சராசரி வேண்டாம், துண்டு துண்டாகப் பாருங்கள். இந்த வரைபடத்தில் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. நூற்றுக்குப் பத்து சரிவு வேண்டுமென்றால் 20 மீட்டர் ஏற 200 மீட்டர் நடக்க வேண்டும். அது காகிதத்தில் 4 மில்லிமீட்டர். உங்கள் தடம் ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போகிற நீளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அந்த இடத்தில் பென்சிலால் வட்டம் போடுங்கள். 2 மில்லிமீட்டர் என்றால் நூற்றுக்கு இருபது. அங்கே வேறு வழிதான் தேட வேண்டும்.

வட்டம் போட்ட இடங்களுக்கு நேரில் போங்கள். 2 மீட்டர் நேர்க்கம்பு, கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம், ஒரு டேப் போதும். கம்பின் ஒரு முனையை மேட்டில் வைத்து, ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வந்ததும் மறுமுனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். 20 சென்டிமீட்டர் என்றால் நூற்றுக்குப் பத்து. போனில் சரிவு காட்டும் செயலிகளை விட இதைத்தான் நம்புவேன். மழை விட்ட மறுநாள் போனால் இன்னும் நல்லது. தண்ணீர் தடத்தின் மேலேயே ஓடியிருந்தால் அங்கே வாட்டம் சரியில்லை, அடுத்த மழைக்கு அது வாய்க்காலாகிவிடும். பள்ளத்துச் சதுப்புப் புல்லில் குதிரையை இறக்கவே கூடாது. அந்தப் புல்வெளிதான் மழையைப் பிடித்து வைத்து ஓடைக்கு விடுகிறது.

அப்புறம் கேம்ப். நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, ஏற்கெனவே மிதிபட்ட மேடாகப் பாருங்கள். குதிரை ஒன்றுக்கு நாளுக்கு 25 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வைத்துக் குடத்திலோ குழாயிலோ கொண்டு வாருங்கள், ஓடையில் இறக்க வேண்டாம். காட்டுமாட்டுத் தடம் குறுக்கே போனால் அந்த மேட்டை விட்டுவிடுங்கள். கொள்ளும் வைக்கோலும் கீழேயிருந்தே கொண்டு வருகிறோம். பழைய இடத்தில் லத்தியை அள்ளிச் சாக்கில் கட்டித் தோட்டத்துக்குக் கொடுத்தோம், முளைக்குச்சிக் குழிகளை மூடினோம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஒருவர், புது இடத்தில் வெள்ளைப் பூப் பூத்து நிற்கும் யூபடோரியம் என்ற களைச்செடியைக் குதிரை மேயலாமா என்று கேட்டிருந்தார். கூடவே கூடாது. தொடர்ந்து தின்றால் குதிரையின் நுரையீரல் கெடும், இருமலில் தொடங்கும், கெட்ட நுரையீரல் சரியாகாது. பிராக்கன் என்ற பெரணியும் குதிரைக்கு நஞ்சுதான். கட்டுகிற கயிற்றின் நீளத்துக்கு ஒரு வட்டம் நடந்து பார்த்து, இந்த இரண்டும் இல்லாத இடத்தில் முளைக்குச்சி அடியுங்கள்.