குன்றத்தூர்ல வீடு பாக்கறீங்களா, இதப் படிச்சுட்டுப் போங்க

சென்னைய ஒட்டியும் இருக்கணும், கொஞ்சம் ஊர் வாசனையும் வேணும்னா குன்றத்தூர் நல்ல சாய்ஸ், சேக்கிழார் பொறந்த ஊரு, பெருமையாவே சொல்லிக்கலாம்.

ஆனா மொதல்ல தண்ணியப் பாருங்க. செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்துலயே இருக்கு, முழு உயரம் 24 அடி, அது ரொம்புற நேரத்துல உபரித் தண்ணி அடையாறுலதான் போகும், 2015 டிசம்பர் 1ம் தேதி நொடிக்கு 29,000 கன அடி தொறந்து விட்டாங்க. அதனால புரோக்கர் சொல்றத மட்டும் நம்பாம தெருமுனை டீக்கடைல, பால்காரர்கிட்ட "அந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணா"ன்னு கேளுங்க, கையக் காட்டியே சொல்லிடுவாங்க. காம்பவுண்டு சுவத்தையும் தடவிப் பாருங்க, புது பெயிண்ட் அடிச்சிருந்தாலும் கீழ உப்பிப்போயி பொறுபொறுன்னு உதிரும்.

மனை வாங்கறதுன்னா 30 வருஷத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க, வருவாய்த்துறையோட நிலக் கணக்கான அ-பதிவேட்டுல அந்த சர்வே நம்பர் ஏரி, வாய்க்கால் புறம்போக்குன்னு இருந்தா எவ்ளோ சல்லிசா குடுத்தாலும் வேண்டாம், சொல்லிட்டேன்.

கிருத்திகை, முகூர்த்த நாள்ல முருகன் கோயில் பக்கம் ரோடே நகராது, ஆபீஸுக்கு அரை மணி முன்னாடியே கெளம்பிடுங்க, காலண்டர்ல மொதல்லயே குறிச்சு வெச்சுக்கறது நல்லது.

சேக்கிழார் கட்டுன நாகேஸ்வரர் கோயிலுக்கு சாயங்காலமாப் போங்க. போரூர் போற வழில கோவூர் வரும், தியாகராஜ சுவாமிகள் அந்த ஊர் சிவன் மேல அஞ்சு கீர்த்தனை பாடியிருக்கார், வண்டிய ஓரமா நிறுத்திட்டு ஒரு எட்டு உள்ள போயிட்டு வாங்க.