மோப்ப நாயை ஈடுபடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'மோப்ப நாய் சிறிது தூரம் ஓடி நின்றுவிட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' குற்றச் செய்திகளில் அடிக்கடி வரும் வரி இது. நாய் தோற்றுப்போனதாகவே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். நாய் நின்ற இடத்தில் குற்றவாளி வண்டி ஏறியிருக்கலாம். அப்படியானால் கேமராப் பதிவுகளை எங்கிருந்து தேட வேண்டும் என்பதை நாய் காட்டிக்கொடுத்துவிட்டது. நாயின் மூக்கைவிட, அதைச் சுற்றி மனிதர்கள் செய்யும் பிழைகளே விசாரணையை அதிகம் கெடுக்கின்றன.

முதல் பிழை நாய் வந்து இறங்குவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. திருட்டு நடந்த வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் எல்லோரும் நுழைந்து பார்க்கிறார்கள். சிதறிக் கிடந்தவற்றை எடுத்து வைக்கிறார்கள். யாராவது தரையைத் துடைத்தும் விடுகிறார்கள். மனித உடலிலிருந்து ஓயாமல் உதிரும் தோல் துகள்களும் வியர்வையும்தான் நாய்க்குத் தடம். அதன்மேல் இருபது பேரின் வாசனை படிந்தால் வேலை பலமடங்கு கடினமாகிவிடும். காணாமல் போனவரைத் தேடும்போதும் இதே கதைதான். அழுக்குத் துணிக் கூடையிலிருந்து அவருடைய சட்டையை எடுத்துக் கொடுத்தால், அதில் வீட்டிலுள்ள அனைவரின் வாசனையும் கலந்திருக்கும். அவர் மட்டுமே பயன்படுத்திய தலையணை உறை நல்லது. அதையும் கை படாமல், சுத்தமான பையில் காவலர்களே எடுக்கட்டும். யாராவது ஏற்கெனவே தொட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தொட்டவர்களை நாய்க்கு முகரக் காட்டி, அவர்களை ஒதுக்கச் செய்யும் முறை உண்டு.

எல்லா மோப்ப நாயும் எல்லா வேலையும் செய்யும் என்று நினைப்பதும் தவறு. வெடிபொருளுக்குப் பழக்கிய நாய், வாசனை கிடைத்ததும் அசையாமல் உட்கார வேண்டும். சுரண்டினால் உயிருக்கே ஆபத்து. போதைப்பொருளையும் வெடிபொருளையும் ஒரே நாய்க்குப் பழக்கினால், அது உட்காரும்போது எதைக் கண்டு உட்கார்ந்தது என்று நாயைக் கையாளும் காவலருக்கே தெரியாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது கையாளுபவரின் எதிர்பார்ப்பு. சந்தேகப்படும் இடத்தில் அவர் நடை சற்றுத் தயங்கும், பார்வை நிலைக்கும், கயிறு இறுகும். நாய் அதைப் படித்துவிடும். கலிஃபோர்னியாவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வொன்றில் 18 நாய்களும் அவற்றைக் கையாளுவோரும் பங்கேற்றனர். தேடிய அறைகள் எதிலும் போதைப்பொருளோ வெடிபொருளோ இல்லை. ஆனால் இருக்கக்கூடும் என்றும், சில இடங்களில் சிவப்புத் தாள் அதற்கு அடையாளம் என்றும் கையாளுவோரிடம் சொல்லப்பட்டது. 144 தேடல்களில் 21 மட்டுமே பிழையின்றி முடிந்தன. மற்றவற்றில் எல்லாம், இல்லாத ஒன்றை நாய் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பயிற்சியின்போது பொருள் எங்கே இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே கையாளுபவருக்குத் தெரியாமல் சோதித்தால் இந்தப் பிழை வெளிச்சத்துக்கு வரும். களத்திலும் 'அந்த ஆள்மேல்தான் சந்தேகம்' என்று அவர் காதில் போடாமல் இருப்பது நல்லது.

நாய் ஒருவர் முன் உட்கார்ந்ததும் அவரைக் குற்றவாளி என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது பெரிய அநியாயம். அவர் அந்த வழியாகச் சாதாரணமாகப் போய் வந்தவராக இருக்கலாம். பொருளை அப்புறப்படுத்திய பிறகும் அதன் வாசனை பையிலோ காரிலோ தங்கியிருக்கும். நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. எனவே அது காட்டிய திசையில் கைரேகை, பதிவுகள், சாட்சிகள் என்று தேடிச் சேர்க்க வேண்டியது காவலர்களின் பொறுப்பு.

வேடிக்கை பார்ப்பவர்கள் வேலையில் இருக்கும் நாயைக் கூப்பிடுவதும், தின்பதற்கு எதையாவது நீட்டுவதும் கூடாது. நாய்க்கு ஓய்வும் தண்ணீரும் கொடுக்காமல் வெயிலில் மணிக்கணக்கில் தேடவைப்பதும் வீண். மூச்சிரைக்கும் நாய் வாயால் காற்றை இழுக்கிறது; மோப்பம் குறைந்துவிடுகிறது. அந்த நிலையில் 'ஒன்றுமில்லை' என்று அது காட்டினால், அந்த இடத்தை இளைப்பாறிய நாயைக் கொண்டு மறுபடியும் தேட வேண்டும்.