ரயில் தாமதம், வீடு பூட்டு: அந்த நாளிலும் நன்றி சொல்வது எப்படி

ரயில் நாலு மணி நேரம் தாமதம். பார்க்க வந்த செட்டிநாட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. மழை வேறு. இப்படி ஒரு நாளில் மனசுக்குள் நன்றி என்று ஒன்று எழ வேண்டுமானால், முதலில் யாரும் உங்களிடம் "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லாமல் இருக்க வேண்டும். நீங்களும் உங்களுக்கே அதைச் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஆசையாகக் கிளம்பி வந்தவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். வரட்டும்.

நான் காரைக்குடியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பிள்ளையார்பட்டி, குன்றக்குடி என்று வருகிறவர்களைச் சுற்றிக் காட்டுவது தொழில். போட்ட திட்டம் நடக்காமல் வாடிப்போன குடும்பங்களைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டி ஓட்டி நான் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

முதலில் பணத்தையும் வயிற்றையும் கவனியுங்கள். ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, நீங்கள் ஏறப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டால் முழுக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வண்டி உங்கள் ஸ்டேஷனை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆர். என்கிற, பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிந்துவிட வேண்டும். ரயிலையே ரத்து செய்துவிட்டார்கள் என்றால் ஆன்லைனில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகவே வந்துவிடும். தங்கும் இடத்துக்கு ஒரு போன் போட்டு, வர ராத்திரி ஆகும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் சாப்பாடு. பசியோடு இருப்பவரிடம் நன்றியைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. சூடாக நாலு வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் உள்ளே போன பிறகு முகம் தெளிவதைக் கண்ணாடியில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருவோம். நன்றியை விதியிடம் தேடாதீர்கள், ஓர் ஆளிடம் தேடுங்கள். எல்லாம் ஒழுங்காக நடக்கிற நாளில் டிக்கெட்டைக் காட்டினோம், பார்த்தோம், வந்தோம் என்று முடிந்துவிடும். நமக்காக யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. காரியம் கெட்ட நாளில்தான் முன்பின் தெரியாத ஒருவர் தன் வேலையை விட்டுவிட்டு எழுந்து வருவார். அவர் யார், என்ன செய்தார், எதை விட்டுவிட்டு அதைச் செய்தார் என்று பாருங்கள். மூன்றாவது கேள்விதான் முக்கியம்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அவர்கள் பார்க்க நினைத்த பெரிய வீட்டில் அன்றைக்கு விசேஷம். எங்கள் பக்கத்து வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. கல்யாணம், காட்சி என்றால் எல்லாரும் வந்து கூடுவார்கள், அப்போது வெளியாட்கள் உள்ளே போக முடியாது. அந்த வீட்டு முகப்பையும் வளவு என்கிற உள்முற்றத்தையும் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்த சின்னப் பெண் அழுதுவிட்டாள். ஆத்தங்குடிக்கு வண்டியைத் திருப்பினேன். அங்கே தரையில் பதிக்கிற பூக்கல் போடும் பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்கு ஆட்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்த ஒருவர் பாப்பாவின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கினார். சாயம் கலந்த சிமெண்ட் குழம்பைச் சின்னக் கரண்டியால் கட்டம் கட்டமாக ஊற்றினார். ஒரு கட்டத்துக்குக் கரண்டியைப் பாப்பா கையில் கொடுத்தார். அச்சைத் தூக்கியதும் பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன, கலக்கவில்லை. மேலே மணலும் சிமெண்டும் சேர்ந்த பொடியைத் தூவி, ஈரக் கலவையை வைத்து அழுத்தி மட்டம் தட்டினார். இதற்குச் சூளை கிடையாது. காய்ந்த பிறகு சில நாள் தண்ணீரில் ஊறும், அப்புறம் வெயிலில் உலரும். கல்லுக்கு வருகிற அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுப்பது. பாப்பா கேட்கக் கேட்க எல்லாவற்றையும் சொன்னார்.

"பாப்பா, மாமா பேரைக் கேட்டுக்கோ" என்றேன். கேட்டாள். அவர் தன் பேரையும் ஊரையும் சொல்லிவிட்டு, சாயம் படிந்த கையை மறுபடி கழுவப் போனார். காரில் ஏறி வெகுநேரம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா, "அவர் சாப்பிடக் கை கழுவிட்டு வந்தவர், பார்த்தீங்களா?" என்றார். வீட்டைப் பார்க்க முடியாமல் போன பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

அதனால் பேரைக் கேளுங்கள். பேர் தெரிந்துவிட்டால் "நல்ல மனுஷங்க இருக்காங்க" என்று பொதுவாகச் சொல்லிக் கடந்துபோக முடியாது.

யாருமே உதவவில்லை என்று தோன்றுகிற நாளும் உண்டு. அப்போது உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். பிள்ளையார்பட்டியில் மதியம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் செட்டிநாட்டு ஊர் எதிலாவது ஒரு திண்ணையில் ஒதுங்கிப் பாருங்கள். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள் இவை. உள்ளே அத்தனை கட்டு வைத்தவர்கள், வெளியே வழிப்போக்கன் சாய ஓர் இடமும் விட்டிருக்கிறார்கள். திண்ணை கட்டிய, முகம் தெரியாத அந்த மனுஷர்களுக்கும் நன்றி சொல்லலாம்.

இரண்டு காரியம் மட்டும் செய்யாதீர்கள். ஒன்று, அடுத்தவர் பட்ட பெரிய கஷ்டத்தைச் சொல்லிக் கூட வந்தவரின் வாயை அடைப்பது. 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர்களின் கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதைக் கொண்டுவந்து, அழுகிற குழந்தையிடம் "இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்று கேட்கக் கூடாது. இன்னொன்று, எல்லா நஷ்டத்துக்கும் இந்த வழியைப் பிரயோகிப்பது. தேவகோட்டையில் ஒரு சாவு வீட்டுக்கு வந்தவருக்கு, ரயில் தாமதத்தால் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் போயிற்று. அவரிடம் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், வாசலில் இறக்கிவிட்டேன். அங்கே நன்றிக்கு வேலை இல்லை.

மற்ற நாட்களில் ராத்திரி படுக்கும் முன், கூட வந்தவர்களிடம் அன்றைக்குப் பார்த்த ஓர் ஆளைப் பற்றிப் பேசுங்கள். குழந்தைகளை வற்புறுத்த வேண்டாம். நீங்கள் ஆரம்பித்தால் அவர்களே சேர்ந்துகொள்வார்கள். ஊருக்குப் போனதும் மறந்துவிடாமல் இருக்க, அவரிடம் கேட்டுப் போன் நம்பரை வாங்கி, பேருக்குப் பக்கத்திலேயே "ஆத்தங்குடி, சாப்பாட்டை விட்டுவிட்டுக் கல் போட்டுக் காட்டியவர்" என்று எழுதிச் சேமியுங்கள். எடுத்த படத்தை மறுநாளே அனுப்புங்கள். பொங்கலுக்கு ஒரு போன் செய்து, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். வீட்டுக்குத் தரை போடப்போகிறீர்கள் என்றால், கல்லுக்கு அவரிடமே சொல்லுங்கள்.