க்வாண்டம் எரர் கரெக்ஷன்ல புதுசா வர்றவங்க செய்யக்கூடாத தப்புகள்

போன வாரம் ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் சர்ஃபேஸ் கோட் (பல க்யூபிட்ட, அதாவது க்வாண்டம் கம்ப்யூட்டரோட பிட்ட, கட்டம் கட்டமா அடுக்கி ஒரு க்யூபிட்டோட தகவல எரர்லருந்து காப்பாத்துற முறை) ப்ராஜெக்ட் ஒண்ணு கொண்டு வந்து காட்டுனாங்க. கிராஃபைப் பார்த்ததுமே எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா இதே கிராஃபை நானும் போட்டிருக்கேன், இதே மாதிரி சந்தோஷப்பட்டிருக்கேன், அதுல மூணு மாச உழைப்பு போயிருக்கு. அதனாலதான் இத எழுதுறேன். ஃபேஸ் ஃப்ளிப்ப (க்யூபிட்டுக்கு மட்டுமே வர்ற ஒரு வகை எரர்) மறக்காதீங்க, க்யூபிட்ட காப்பி எடுக்க முடியாதுங்கிறதெல்லாம் எந்த பாடத்தத் திறந்தாலும் முதல்லயே வந்துரும், அத விட்டுடுறேன்.

திருத்துற சர்க்யூட்ல தப்பே நடக்காதுன்னு வச்சுக்கிறது

இதுதான் இன்னிக்கும் எனக்கு கோபம் வர்ற தப்பு.

சர்ஃபேஸ் கோட்ல டேட்டா க்யூபிட்ட நேரா அளக்க முடியாது, அளந்தா உள்ள இருக்குற தகவல் போயிரும். அதனால பக்கத்துல ஆன்சில்லான்னு ஒரு உதவி க்யூபிட் வச்சு, அக்கம்பக்கத்து நாலு டேட்டா க்யூபிட்டோட நாலு சிநாட் (ரெண்டு க்யூபிட்ட இணைக்கிற கேட், அதாவது ஒரு செயல்) போட்டு, கடைசியா ஆன்சில்லாவ மட்டும் அளப்போம். இத திரும்பத் திரும்ப செஞ்சுட்டே இருக்கணும். இப்ப யோசிங்க, அந்த நாலு சிநாட்டும் எரர் பண்ணும், அளக்குறதும் பொய் சொல்லும், ரீசெட்டும் சரியா ஆகாது. அதவிட மோசம், ஆன்சில்லால நடுவுல விழுந்த ஒரு எரர் மிச்சமிருக்குற சிநாட் வழியா ரெண்டு டேட்டா க்யூபிட்டுக்கு பரவிரும். ஊக் எரர்னு சொல்றது இதத்தான். வேலியே பயிர மேயுற கதைதான், அதனாலதான் சிநாட்ட எந்த வரிசைல போடுறோம்ங்கிறதுகூட முக்கியம்.

ஸ்டிம்ங்கிற சிமுலேட்டர்ல ரெடிமேடா சர்ஃபேஸ் கோட் சர்க்யூட் எடுத்தா நாலு இடத்துல நாய்ஸ் (எரர் நடக்குற வாய்ப்பு) குடுக்கலாம்: ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னாடி டேட்டாவுக்கு, கேட்டுக்கு அப்புறம், அளக்குறதுக்கு முன்னாடி, ரீசெட்டுக்கு அப்புறம். நீங்க எழுதாம விட்ட இடத்துல அது சைபர்னு எடுத்துக்கும், எரர் மெசேஜ் எதுவும் வராது. நான் அன்னிக்கு முதல் இடத்துல மட்டும் 2% குடுத்தேன். டிஸ்டன்ஸ் (கோட் எவ்ளோ பெருசுங்கிற அளவு, கூடுனா க்யூபிட்டும் கூடும்) 3-ஐ விட 5 நல்லாருந்துச்சு, 5-ஐ விட 7 இன்னும் நல்லாருந்துச்சு. அந்த தைரியத்துல மேல மேல வேலைய அடுக்கிட்டே போனேன், டீம்லயும் சொல்லிட்டேன். மூணு மாசம் கழிச்சு சீனியர் ஒருத்தர் ஸ்க்ரிப்ட்ட மேல இருந்து படிச்சுட்டு "மத்த மூணும் எங்கப்பா?"ன்னு கேட்டார். நாலு இடத்துலயும் 2% போட்டு ஓட்டுனேன், வரிசை அப்படியே தலைகீழா ஆயிருச்சு, 7-தான் இருக்குறதுலயே மோசம்.

ஏன்னா த்ரெஷோல்டுன்னு ஒரு கோடு இருக்கு. அதுக்குக் கீழ இருந்தா க்யூபிட் சேர்க்கச் சேர்க்க எரர் குறையும், மேல இருந்தா சேர்க்கச் சேர்க்க கூடும். அளக்குறது பர்ஃபெக்ட்னு வச்சுக்கிட்டா அந்தக் கோடு 10% பக்கம் நிக்கும். சர்க்யூட்டோட எல்லா பாகத்துக்கும் நாய்ஸ் குடுத்தா சுமார் 1%-க்கு வந்துரும். என் 2% இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல மாட்டிக்கிச்சு. ஹார்ட்வேர்லயும் இந்தக் கோட்டத் தாண்டத்தான் இவ்ளோ வருஷப் போராட்டம்: கூகுள் 2023-ல காட்டுனப்போ ஒரு சைக்கிளுக்கு (அளக்குற ஒரு ரவுண்டுக்கு) எரர் டிஸ்டன்ஸ் 3-ல 3.028%, 5-ல 2.914%, அவ்ளோதான் வித்தியாசம். 2024 டிசம்பர்ல கூகுளோட வில்லோ சிப் வந்தப்போதான் டிஸ்டன்ஸ் ரெண்டு கூடுறப்பல்லாம் எரர் 2.14 மடங்கு குறைஞ்சு, 7-ல 0.143%-க்கு வந்துச்சு.

அந்த ரெண்டு பேரோட ஸ்க்ரிப்ட்லயும் ஒரே ஒரு நாய்ஸ்தான் இருந்துச்சு. உக்காரவச்சு நாலையும் போட வச்சேன், வரிசை கவுந்துச்சு. எல்லாத்தையும் 0.3%-க்கு இறக்குனதும் நேராச்சு. டிஸ்டன்ஸ் கூட்டிப் பாக்குறதுக்கு முன்னாடி சர்க்யூட்ட ப்ரிண்ட் பண்ணி, ஒவ்வொரு சிநாட்டுக்கும் ஒவ்வொரு அளவைக்கும் பக்கத்துல நாய்ஸ் வரி இருக்கான்னு கண்ணால பாருங்க, தயவுசெஞ்சு.

எரர் மிட்டிகேஷனும் கரெக்ஷனும் ஒண்ணுதான்னு நினைக்கிறது

இல்ல. மிட்டிகேஷன்ல பலதடவ ஓட்டி சராசரியத்தான் சரி பண்றோம், சர்க்யூட் பெருசாக ஆக ஓட்ட வேண்டிய தடவை எக்ஸ்பொனென்ஷியலா ஏறும்.

க்யூபிட் எண்ணிக்கைய மட்டும் பாக்குறது

ஐபிஎம்மோட காண்டார் சிப்ல 1,121 க்யூபிட் இருக்கு, அதெல்லாம் ஃபிசிக்கல் க்யூபிட், அதாவது எரர் பண்ற தனித்தனி க்யூபிட். ஒரு கேட்டுக்கு 0.1% எரர்னா 1,000 கேட் போட்டு முடிக்கிறப்போ எதுவும் தப்பாம வர்ற வாய்ப்பு சுமார் 37%-தான். வில்லோவோட வேகத்துல எரர் குறைஞ்சா, பத்து லட்சம் சைக்கிள்ல ஒரு எரர் பண்ற ஒரே ஒரு லாஜிக்கல் க்யூபிட்டுக்கு (பல ஃபிசிக்கல் க்யூபிட் சேந்து காப்பாத்துற க்யூபிட்) டிஸ்டன்ஸ் 27 வேணும், அதாவது 1,457 ஃபிசிக்கல் க்யூபிட். காண்டார் அளவு சிப்ல அதுல ஒண்ணுகூட அடங்காது.

"ஆர்எஸ்ஏவ உடைக்க எத்தனை க்யூபிட்?"னு ஒரு நம்பர மனப்பாடம் பண்றது

2019-ல கிட்னி, எகெரான்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆர்எஸ்ஏ-2048-அ (இணையத்துல பயன்படுற ஒரு ரகசியக் குறியீட்டு முறை) உடைக்க போட்ட கணக்கு 2 கோடி க்யூபிட், 8 மணி நேரம். 2025-ல கிட்னியே அத 10 லட்சத்துக்குக் கீழ கொண்டு வந்தார், ஆனா நேரம் ஒரு வாரத்துக்குள்ளன்னு ஆச்சு. ரெண்டு கணக்குமே கேட் எரர் 0.1%, சைக்கிள் ஒரு மைக்ரோசெகண்டுன்னு வச்சுத்தான் போட்டது. பசங்க நம்பர மட்டும் எடுத்துக்கிட்டு இந்த ரெண்டு நிபந்தனையையும் ஸ்லைடுல விட்டுடுறாங்க. நம்பர எழுதுற அதே வரிலயே நிபந்தனையையும் எழுதிருங்க.

டீகோடர் வேகத்த அப்புறம் பாத்துக்கலாம்னு விடுறது

விடாதீங்க. வில்லோல ஒரு சைக்கிள் 1.1 மைக்ரோசெகண்ட், டீகோடர் (ஆன்சில்லா அளவைகளப் பார்த்து எங்க எரர்னு கண்டுபிடிக்கிற ப்ரோக்ராம்) அந்த வேகத்துக்கு ஈடு குடுக்கலன்னா பாக்கி சேந்துக்கிட்டே போகும்.